காஞ்சா போயிடும்

காஞ்சா போயிடும்னு சொல்லிட்டுப் போனான் வால்பேப்பர் ஒட்ட வந்த ரஃபீக். தகடு, கத்தி, பசை வாளி எல்லாத்தையும் பைக்குள்ள திணிச்சுக்கிட்டே, "ஒண்ணுமில்லக்கா, ஈரத்துல அடியில இருக்குறது தெரியத்தான் செய்யும், காஞ்சா போயிடும், ஃபேனை மட்டும் நிறுத்திடாதீங்க"ன்னான். சொன்னவன் காலையிலேயே கிளம்பிட்டான். சாப்பாட்டு நேரமும் தாண்டியாச்சு. வெளியில பங்குனி வெயிலு மண்டையைப் பொளக்குது, மொட்டைமாடியில போட்ட மிளகாயைக் கையில எடுத்தா நொறுங்கும், இந்தச் சுவரு மட்டும் காய மாட்டேங்குது. எப்படிக் காயும், அந்தப் பக்கம் பாத்ரூம், எப்பவும் ஒரு ஓதம். பழைய பேப்பர்ல இருந்த வாத்துங்க தெரியுது. க்ரீம் கலர் பேப்பருக்கு அடியில, மஞ்சளா, மங்கலா, கழுத்துல சிவப்பு ரிப்பன் கட்டிக்கிட்டு, வரிசை வரிசையா நிக்குதுங்க. மேல கூரையை ஒட்டி இருந்ததெல்லாம் போயிடுச்சு. நடுவுல இருக்குறது போறாப்புல போகுது, நான் சமையக்கட்டுக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்து பார்த்தா திரும்ப நிக்குது. சத்தியமா சொல்றேன், போனதுதான் திரும்ப வந்துது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? சாயங்காலத்துக்குள்ள என் பொண்ணு பூர்ணிமா வந்துடுவா, இந்தக் கட்டில்ல இந்தச் சுவரைப் பார்த்துத்தான் படுப்பா, அவ கண்ணுல இந்த வாத்து பட்டுடக் கூடாது. வேற எது ஆனாலும் ஆகட்டும், அது மட்டும் கூடாது. காஞ்சு தொலையேன், உனக்குப் புண்ணியமாப் போகும்.

ஃபேன் பத்தாதுன்னு டேபிள் ஃபேனையும் ஹால்லேர்ந்து இழுத்துட்டு வந்து சுவருக்கு நேரா வச்சிட்டு, கட்டில்ல உக்காந்திருக்கேன். கிட்டக்க பார்த்தா புது டிசைன் நல்லாத்தான் இருக்கு. க்ரீம் மேல க்ரீமாவே கொடியும் இலையும். கடைக்காரன் கேட்லாக்கைப் பிரிச்சு, "இது ஸ்பிரிங் கலெக்ஷன் மேடம், சப்டில் பேட்டர்ன், தூரத்துலேர்ந்து பிளெய்ன், கிட்ட போனாத்தான் டிசைன் இருக்குறதே தெரியும்"னான். திருச்சியில ஏதுப்பா ஸ்பிரிங்கு, நமக்கு வெயிலு, கொடும் வெயிலு, கத்திரி வெயிலுன்னு மூணுதானேன்னு கேட்டேன், சிரிச்சான். ஆனா வேப்பமரம் பூத்திருக்குறது நிசம். கீழ பார்க்கிங்ல காரு மேலயெல்லாம் பொடிப்பொடியாக் கொட்டிக் கிடக்கு. புது வருஷம் பொறக்கப் போகுது, வீட்டை ஒரு சுத்து மாத்துங்க, மனசு மாறும்னு அவன் அவன் பாட்டுக்குச் சொல்லிட்டே போனான், அவனுக்கென்ன தெரியும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், எதுவும் இல்லாதது. பூ வேணாம், குருவி வேணாம், வட்டம்கூட வேணாம், வட்டம்னா பந்து மாதிரி இருக்கும். சும்மா வெள்ளையா விட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், அதுவும் வேணாம். இலை இருந்துட்டுப் போகட்டும், இலையப் பார்த்து யார் அழப் போறா. அப்படின்னுதான் இதை எடுத்தேன். இப்ப என்னடான்னா ஒவ்வொரு இலைக்கு அடியிலயும் ஒரு வாத்து ஒளிஞ்சு உக்காந்திருக்கு. இலையோட நுனி அலகா ஆயிடுது, கொடி கழுத்தா வளையுது. டிசைனே இல்லாத டிசைன் வேணும்னு கேட்டா இப்படித்தான் கிடைக்கும் போல.

கிழிச்சிடவாக்கான்னு கேட்டான் ரஃபீக். அதைச் சொல்லணும். பழைய பேப்பரோட ஓரத்துல தகடை வச்சிட்டு நின்னான், ஒரு சொருகு சொருகி இழுத்தா மேலேர்ந்து கீழ வரைக்கும் சர்ருன்னு வந்துடும். அந்த வாத்து பூர்ணி எடுத்தது. மெட்ராஸ்லேர்ந்து வீடியோ கால்ல வந்து, கடையில ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டச் சொல்லி, யானை வேணாம்மா, கரடி வேணாம்மா, அதோ அந்த வாத்துன்னு கத்தினா. வளைகாப்பு முடிஞ்சு பிரசவத்துக்கு இங்கதானே வரணும், அதனால இந்த ரூமு. முன்கூட்டியே எதுவும் வாங்கக் கூடாதுன்னு என் நாத்தனார் மொணமொணத்தாங்க, சுவத்துல ஒட்டுறது வாங்குறதுல சேத்தியா அண்ணின்னு நான் வாயடிச்சேன். சரி, அது இப்ப எதுக்கு. கிழிச்சிடவான்னு அவன் கேட்டப்ப, அடுப்புல பால் வச்சிருக்கேன்னு சொல்லிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டேன், அடுப்புல ஒண்ணுமே இல்ல. அங்கேர்ந்தே, "மேலயே ஒட்டிடுப்பா"ன்னு குரல் குடுத்தேன். மேலயே ஒட்டினா சரியா உக்காராதுக்கான்னான். உக்காரும் ஒட்டுன்னேன். உசுரோட இருக்குற ஒண்ணைத் துணி போட்டு மூடுறாப்புல இருந்துச்சு எனக்கு, அவன் பசை தடவுறப்ப. நான் பார்க்கல, சத்தம் மட்டும் கேட்டேன், சப்பு சப்புன்னு.

போன் அடிக்குது. இவர்தான். பொண்ணைக் கூட்டிட்டு வரப் போன மனுஷன், ஊர் ஊரா போன் பண்ணிச் சொல்லிக்கிட்டு வரார். "விக்கிரவாண்டி தாண்டிட்டோம்"ங்கறார். பேசினாளான்னு கேட்டேன். "ம்ஹூம்." சாப்பிட்டாளா? "இட்லி வாங்கிக் குடுத்தேன், மடியில வச்சிட்டே வரா." மடியில வச்சிட்டே வராளாம். அந்த வார்த்தையைச் சொல்லணுமா இந்த மனுஷன். போனை வச்சிட்டேன். ஒன்றரை மாசமா அவ ஒரு முழு வாக்கியம் பேசல. போன்ல ம்-ங்கறா, ம்ஹூம்-ங்கறா. மாப்பிள்ளை நல்லவர், நேத்து அவரே போன் பண்ணி, "அத்தை, என்னால முடியல, உங்ககிட்ட இருந்தா ஏதாவது பேசுவாளோ என்னமோ"ன்னு அழுதார். ஆறாம் மாசம் முடியற நேரம், துடிப்பு இல்லன்னுட்டாங்க. வலி வரவழைச்சுத்தான் எடுத்தாங்க, உசுரோட இருக்குற புள்ளைக்கு எவ்வளவு வலியோ அவ்வளவும் பட்டுத்தான் பெத்தா. அழுகைச் சத்தம் மட்டும் இல்ல. பெத்தவகிட்ட காட்ட வேணாம்னு சம்பந்தியம்மா சொன்னாங்க, நானும் தலையாட்டினேன், எங்க பக்கமும் அதுதான் வழக்கம், முகம் பார்த்துட்டா மனசு விடாதும்பாங்க. என்ன புள்ளைன்னும் சொல்லக் கூடாது. அவ கேக்கவும் இல்ல. ஆம்பளைங்க துணியில சுத்தி எடுத்துட்டுப் போயி அன்னைக்கே அடக்கம் பண்ணிட்டு வந்து தலைக்கு ஊத்திக்கிட்டாங்க. மூணாம் நாள் இவளுக்குப் பால் சுரந்துடுச்சு. அந்தப் பாலுக்கு யார் போயிச் சொல்றது, வர வேண்டாம்னு? மல்லிகைப்பூவை வாங்கி மாரோட வச்சு நான்தான் கட்டினேன், பால் வத்தட்டும்னு. அன்னைலேர்ந்து எனக்கு மல்லிகை வாசம் ஆகல, பூக்காரி தெருவுல வந்தா ஜன்னலைச் சாத்திடறேன். கட்டி விட்டப்ப அவ என் கையையே பார்த்துட்டு இருந்தா. ஏதாவது கேப்பாளோ கேப்பாளோன்னு முடிச்சை இறுக்கிக்கிட்டே இருந்தேன், கேக்கல.

இது என்னது? இப்பத்தான் பார்க்கறேன். கட்டிலுக்குச் சமமா, தலைகாணி வைக்குற இடத்துக்கு நேரா, பேப்பர் உப்பியிருக்கு. காத்து. உள்ள காத்து நின்னுடுச்சு. மேலயே ஒட்டினா சரியா உக்காராதுக்கான்னு அவன் சொன்னது இதைத்தான். உள்ளங்கையை வச்சு அமுக்கினேன். அமுங்குச்சு. கையை எடுத்தேன், ஒரு சாண் தள்ளி எழும்புச்சு. அங்க அமுக்கினேன், கீழ எழும்புச்சு. ஐயோ ராமா. பூர்ணி என் வயித்துல இருந்தப்ப இப்படித்தான், ராத்திரி இந்தப் பக்கம் ஒரு முட்டு, தடவினா அந்தப் பக்கம் ஒரு முட்டு. ச்சீ, என்ன நெனப்பு இது, சுவருடி இது, சிமெண்டுச் சுவரு. இதுக்கு ஊசியால குத்திக் காத்தை எடுப்பாங்க, ரஃபீக் ஹால்ல ஒட்டினப்பவே பார்த்திருக்கேன், ஒரு குத்து, ஒரு அமுக்கு, முடிஞ்சுது. தையல் டப்பாவைத் தேடி ஊசியை எடுத்துட்டு வந்து, உப்பலுக்கு நேரா பிடிச்சேன். கை போகல.  இலை ரெண்டு, அதுக்கு நடுவுல மஞ்சளா ஒரு வயிறு, உள்ளேர்ந்து மேல வருது, தணியுது, வருது. ஃபேன் காத்து. ஃபேன் காத்துதான். டேபிள் ஃபேன் தலையைத் திருப்புறப்ப வருது, அந்தப் பக்கம் போறப்ப தணியுது, கணக்கு சரியாத்தான் இருக்கு. ஃபேனைத் தலை ஆட்டாம நிறுத்தி வச்சுப் பார்த்தேன். அப்பவும் வருது, தணியுது. ஊசியை டப்பாக்குள்ள போட்டு மூடிட்டேன்.

மறைச்சிடலாம். காய்ஞ்சா காயட்டும், காயாட்டிப் போகட்டும், முன்னால எதையாவது வச்சு மறைச்சிட்டா தீந்துது. பீரோவைத் தள்ளிப் பார்த்தேன், நான் வேணா நகருவேன் அது நகராது. புடவையை மாட்டலாம், பார்த்ததும் என்னம்மா இதுன்னு இழுப்பா. இழுத்துக் கேட்டா நல்லதுதான், அதாவது கேப்பாளேன்னு ஒரு ஆசை வேற வருது, என் புத்தியைச் செருப்பால அடிக்க. ஹால்லேர்ந்து பெரிய காலண்டரைக் கழட்டிட்டு வந்து சுவத்துல வச்சுப் பிடிச்சேன், சரியா மறைக்குது, அப்பாடான்னு நிமிர்ந்து பார்த்தா தவழுற கிருஷ்ணன். கையில வெண்ணெய், கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி, என்னையே பார்த்து சிரிக்குது. இத்தனை நாளா அது ஹால்லதானே தொங்குது, என் கண்ணுல படலியே. அதைச் சுருட்டிக் கொண்டுபோயி பரண்ல போட்டேன். வந்தவ சும்மா இருந்தேனா, ஷெல்ஃப்புல இருந்த டீ பாக்கெட்டுல ஒரு குழந்தை சிரிக்குது, சோப்பு டப்பாவுல ஒரு குழந்தை, பவுடர் டின்னுல ஒரு குழந்தை. எல்லாத்தையும் கவுத்து வச்சேன். எங்கேர்ந்துடி வந்தீங்க இத்தனை பேரும், நேத்து வரைக்கும் காணோமே. வீட்டைப் புதுசாக்கறேன்னு நான் ஆரம்பிச்சதுதான் தப்பா? இருந்ததை இருந்தபடி விட்டிருந்தா இதுங்க பாட்டுக்குத் தூங்கியிருக்குமா?

பூர்ணியோட பழைய ஹேர் டிரையர் ஞாபகம் வந்துது. அதை எடுத்து சூடு வச்சுச் சுவத்துல காட்டினேன். வேலை செய்யுது! மஞ்சள் வெளுக்குது, ரிப்பன் மங்குது, ஒரு வாத்து என் கண்ணு முன்னாடியே தலையை உள்ள இழுத்துக்கிச்சு. போ, போ, கண்ணு, போயிடுன்னு சொல்லிட்டே காட்டினேன். மொதல்ல சனியனே போன்னுதான் சொன்னேன், எப்ப கண்ணுன்னு மாறினேன்னு தெரியல. வரிசையா போச்சுங்க. போறப்ப ஒவ்வொண்ணும் ஒரு தடவை என்னைப் பார்த்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு. பெரம்பலூருன்னார் இவர் போன்ல. சீக்கிரம் வந்துட்டீங்களேன்னேன். நீதானே வெரசா வரச் சொன்னேன்னு எரிஞ்சு விழுந்தார். பின்னால கார் சத்தம் மட்டும் கேட்டுது, அவ மூச்சு கேக்குதான்னு காதை வச்சுக் கேட்டேன். சூடு பட்டதுல உப்பல் பெருசாயிடுச்சு. இப்ப ஒரு தேங்கா அளவு இருக்கு. கையை வச்சா வெதுவெதுன்னு இருக்கு. ஹேர் டிரையர் சூடு, அவ்வளவுதான், வேறென்ன. ஆனா நிறுத்தி நேரமாச்சு. சுவத்தோட மத்த இடமெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு, இது மட்டும் வெதுவெதுன்னு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. பட்டப்பகல்ல, அடுத்த வீட்டுல சீரியல் ஓடுது, கீழ அயர்ன் வண்டிக்காரர் யார்கூடவோ சண்டை போடுறார், நான் என் சொந்த வீட்டுல ஒரு சுவத்துக்குப் பயந்துக்கிட்டு கட்டில் நுனியில உக்காந்திருக்கேன். நீ யாருன்னு கேட்டுட்டேன். வாய்விட்டுக் கேட்டுட்டேன். பதில் வந்துடுமோன்னு உடனே எழுந்து வெளிய ஓடினேன்.

சமயபுரம் டோல்கேட்டுன்னு போன் வந்தப்ப திரும்ப வந்து பார்த்தேன். காஞ்சிருந்துது. ஒரு வாத்து இல்ல. க்ரீம் கலரு, இலை, கொடி, தூரத்துலேர்ந்து பார்த்தா பிளெய்ன், கிட்ட போனாத்தான் டிசைன். அந்த உப்பல் மட்டும் அப்படியே இருந்துது, ஆனா நேராப் பார்த்தா தெரியல, சாஞ்சு வெளிச்சத்துக்கு எதிரா பார்த்தாத்தான் தெரியும். தலைகாணியை நட்டுக்க வச்சு அதை மறைச்சேன். கன்னத்துல போட்டுக்கிட்டேன். ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன், உண்மையைச் சொல்லணும்னா, சந்தோசமாவே இருந்துது.

வந்தா. இளைச்சுப் போயி, துப்பட்டாவை வயித்து மேல இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு வந்தா. வா கண்ணுன்னேன். செருப்பைக் கழட்டினா. ரூமுக்குள்ள போனா. நான் பின்னாலேயே போனேன், வாசப்படியிலேயே நின்னுட்டேன், அவ முதுகைத்தான் பார்க்கறேன். சுவரைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. கிட்ட போயி ஒரு விரலால ஒரு இலையைத் தொட்டா. நல்லா இருக்கா பாப்பா, புதுசு, ஸ்பிரிங் டிசைனாம்னு என்னத்தையோ உளறினேன். "ம்"னா. கட்டில்ல படுத்தா. எனக்கு உசுரு வந்துது. கொஞ்சம் தூங்கு, காப்பி போடறேன்னு சொல்லிட்டு சமையக்கட்டுக்கு வந்து, பாலை வச்சு, டிகாஷன் எடுத்து, இவருக்கு ஒரு டம்ளர் ஆத்திக் குடுத்து, பார்த்துட்டீங்களா, ஒண்ணும் ஆகலன்னேன். அவரும் தலையாட்டினார். அப்பத்தான் ரூமுல சத்தம் நின்னுது. காலையிலேர்ந்து காதுல ஓடிக்கிட்டே இருந்த ஃபேன் சத்தம், ரெண்டு ஃபேனும், நின்னுடுச்சு.

ஓடினேன். ஏன்டி ஃபேனை நிறுத்தினே, வேர்க்கலியான்னு கேட்டுக்கிட்டே உள்ள போனேன். தலைகாணி தரையில கெடக்கு. அவ சுவத்தைப் பார்த்து ஒருக்களிச்சுப் படுத்திருக்கா, முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு வச்சு. இன்னொரு கை அந்த உப்பல் மேல. மெல்ல மெல்லத் தட்டிக்கிட்டே இருக்கா. திரும்பாமலேயே, "கத்தாதம்மா, இப்பத்தான் தூங்குச்சு"ன்னா. ஒன்றரை மாசத்துக்கு அப்புறம் அவ வாயிலேர்ந்து வந்த முழு வாக்கியம்.  மனசு ரெண்டாப் பிச்சுக்கிச்சு, என் பொண்ணு பேசிட்டான்னு ஒரு பக்கம், ஐயோ என் பொண்ணு போச்சேன்னு ஒரு பக்கம். டாக்டரைக் கூப்பிடணும், மாப்பிள்ளைக்குச் சொல்லணும், அவ கையை எடுத்துவிடணும். கிட்ட போயி கட்டில்ல உக்காந்தேன். அவ கை நிக்கவே இல்ல. "அம்மா"ன்னா. சொல்லு கண்ணுன்னேன், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். "பையனா, பொண்ணா?"

எல்லாருமா முடிவு பண்ணினது, சொல்லக் கூடாதுன்னு. பெரியவங்க எல்லாருமா. "பொண்ணுடி"ன்னேன். அவ தட்டுறதை நிறுத்தல. "நீ பார்த்தியா?" பார்த்தேன் பூர்ணி, கையில வாங்கினேன். தலை நிறைய முடி. மூக்கு உன்னோடது, விரலெல்லாம் நீட்டம் நீட்டமா, மாப்பிள்ளை விரலு. சொல்லச் சொல்ல எனக்கே நிறைய ஞாபகம் வந்துது, இத்தனை பார்த்தேனான்னு எனக்கே தெரியாது, சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ கண்ணுலேர்ந்து தண்ணி மூக்கு மேல ஓடி, தலைக்கு வச்சிருந்த கையில சொட்டுது, தட்டுற கை மட்டும் தாளம் தப்பல. நகர்ந்து படுத்து எனக்கு இடம் விட்டா. நானும் பக்கத்துல சாஞ்சேன், அவளுக்கு மேல கையை நீட்டி, அவ கைக்குப் பக்கத்துல என் கையையும் வச்சேன். வெதுவெதுன்னு இருந்துது. காப்பி ஆறிப்போச்சு, என்ன பண்றீங்க ரெண்டு பேரும்னு ஹால்லேர்ந்து இவர் சத்தம் போட்டார். நான் எழுந்து போயி, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, தூங்குறா"ன்னு சொல்லிட்டு, கதவை ஒருக்களிச்சு சாத்திட்டு உள்ள வந்தேன்.